நிலைப்படியில் நிற்கும் கால்

மலையகத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது கொள்ளைநோய்களின் வரலாறே. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தோரை வழியிலேயே சாய்த்த வாந்திபேதி, 1910களின் நடுப்பகுதி தொடக்கம் ரொக்கஃபெல்லர் நிதியத்தார் தோட்டந்தோட்டமாகச் சென்று மருந்து கொடுத்த கொக்கிப்புழு, 1934-35 இல் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கி நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன மலேரியா ஆகியவைதான் எழுதப்பட்ட ஆவணங்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காரணம் விளங்கக்கூடியதே. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தோடு வளர்ந்த தோட்ட மருத்துவம், செக்ரோலில் இன்றைக்கு எத்தனை பேர் விழும் என்ற கணக்கை மறந்ததே இல்லை. ஆளை ஒரேயடியாகக் கொண்டுபோகும் நோயும் முழுப்பேரை அரைப்பேராக்கும் நோயும் அந்தக் கணக்கில் தெரிந்தன. வேலையிலிருந்து பேர் வெட்டிய பின்னர் லயத்துக்குள் மெல்ல மெல்ல நுழையும் நோய் தெரியவில்லை.

பார்க்கின்சன் நோய் அப்படிப்பட்டது. நமது வைத்தியர்கள் நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் வழங்கியது ஏறக்குறைய இதையே. கை நடுங்குவதை எல்லோரும் காண்பர். ஆனால் நோயாளியை உண்மையில் முடக்குவது நடையில் ஏற்படும் கோளாறு. அடி சிறுத்துப் போகும். கை வீச்சு நிற்கும். உடல் முன்சாயும். நோய் முதிரும்போது இன்னொன்றும் சேரும். நடந்துகொண்டிருப்பவரின் பாதம் திடீரென நிலத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். மனம் போகச் சொல்லும், கால் போகாது. இதனைக் கால் உறைதல் என்று தமிழில் சொல்லலாம். சில நொடிகளிலோ ஒரு நிமிடத்திலோ அது விலகும். அதற்குள் உடலின் மேற்பகுதி முன்னே போய்விட்டால் ஆள் விழுவார். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன் பிறகு பலர் எழும்புவதில்லை.

இந்த உறைதல் எங்கே வரும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. குறுகலான இடத்தில், திரும்பும்போது, வாசலைக் கடக்கும்போது, கையில் ஏதேனும் ஏந்தி நடக்கும்போது, யாராவது அவசரப்படுத்தும்போது வரும். எஹலியகொடையிலோ தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு பழைய லயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரே கதவு, உயர்ந்த நிலைப்படி, உள்ளே கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையே ஓராள் திரும்பும் இடம். கால் உறைவதற்கென்றே யாரோ திட்டம் போட்டுக் கட்டியதுபோல் இருக்கும். அதே மனிதர் வெளியே மலைச் சரிவில் வெட்டிய கற்படிகளில் தட்டுத்தடங்கலின்றி ஏறிப்போவதையும் காணலாம். வீட்டார் இதைப் பார்த்து, "படி ஏறத் தெரியுது, வாசல் தாண்டத் தெரியாதா, நடிப்பு" என்று கோபிப்பதுண்டு. தோட்டத்துக் கடைவீதிகளில் நம்மவர் நடத்தும் கடைகளின் முன்னாலும், படியருகே வந்து அசையாமல் நிற்கும் முதியவரைக் குடித்திருக்கிறார் என்று எண்ணி விரட்டுவோர் இருக்கின்றனர். நடிப்பும் இல்லை, குடியும் இல்லை. நோயின் இயல்பே அது. அதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

1817 இல் லண்டனின் ஹொக்ஸ்டன் பகுதி வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளை வைத்து ஒரு சிறுநூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் போகும்போது கண்டதோடு சரி. ஆயினும் நடுக்கத்தையும், முன்சாய்ந்து நடை ஓட்டமாக மாறுவதையும் பிசகின்றிப் பதிந்தார். கண்டி இராச்சியத்தோடு சேர்ந்து சப்ரகமுவ வெள்ளையர் கைக்குப் போய் அப்போது இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் பாரிஸ் நரம்பியல் அறிஞர் சார்கோதான் அந்த லண்டன் வைத்தியரின் பெயரை நோய்க்குச் சூட்டினார். இதைக் கொண்டு நோயே 1817 இல் பிறந்ததாக நினைக்கக் கூடாது. இப்னு ஸீனா தமது அல் கானூனில் நரம்பு நோய்களின் வரிசையில் ரஃஷா எனும் நடுக்கத்தைத் தனியாக எடுத்து, அசைவைத் தரும் ஆற்றல் தளர்வதோடு அதைத் தொடர்புபடுத்தினார். 1929 இல் பொரளையில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியின் யூனானிப் பிரிவுக்கு ஊற்றாக இருந்த மரபு இதுவே.

மண்டையைத் திறவாமல் வெளியிலிருந்தே உடலின் உள்ளே ஒரு விசையைச் செலுத்தி நோயைத் தணிக்க முடியுமா என்ற கேள்வி இதைவிடப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். பாதவாதத்துக்குக் கடற்கரை ஈரத்தில் அம்மீனின் மேல் கால் வைத்து நிற்க வேண்டும், முழங்கால் வரை மரத்துப் போகும்வரை. ஜாலீனூஸ் என நம் ஹகீம்கள் அழைக்கும் கலேனும் இதைப் பரிசோதித்து, செத்த மீனுக்கு அந்தக் குணம் இல்லை, உயிருள்ளதற்கே உண்டு என்றார். மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலம் அது.

அரபு நூல்களில் இந்த மீன் வேறொரு சிறப்போடு வருகிறது. நைல் நதியில் வாழும் மின்கெளிற்றுக்கு எகிப்தியர் இட்ட பெயர் ரஆத். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் இருந்த அப்துல் லத்தீப் அல் பக்தாதி தமது எகிப்து வர்ணனையில் அம்மீனைக் குறிப்பிட்டு, அதைத் தொட்டவரின் உடல் நடுங்குவதையும் மரத்துப் போவதையும் எழுதியிருக்கிறார். இடியின் பெயரான ரஃது என்ற சொல் ஸூரத்துர் ரஃதை ஓதும் நமக்கெல்லாம் தெரிந்ததே. நடுங்குதலைக் குறிக்கும் இர்திஆத் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவது. இடியும் மின்மீனும் உடல் நடுக்கமும் ஒரே வேர்ச்சொல்லில் கூடியிருப்பதைக் கண்டு அரபு மொழியினர் மின்சாரத்தை அன்றே அறிந்துவிட்டனர் என்று மார்தட்டுவோரும் நம்மில் உண்டு. அது வேண்டாத வேலை. தொட்டவனுக்கு ஏற்பட்டதை அம்மொழி நேர்மையாகப் பெயரிட்டது, அவ்வளவே. அதுவே பெரிய காரியம்தான்.

1791 இல் கல்வானி தவளைக்காலின் துடிப்பைப் பற்றி எழுதினார். அவருடைய மருமகன் அல்தீனி 1801 இல் பொலோஞா நகரில் மனச்சோர்வுற்ற ஓர் உழவரின் தலையில் மின்கல அடுக்கின் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். 1803 இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சி முகத்தையும் கையையும் அசைய வைத்துக் கூட்டத்தைத் திகைக்கச் செய்தவரும் இவரே. ஒரே மனிதரிடம் வைத்தியமும் வித்தை காட்டலும் கலந்திருந்தன. இத்துறைக்கு அந்தக் கலப்பு நெடுநாள் ஒட்டிக்கொண்டது.

சார்கோவின் கதை இதிலும் சுவையானது. நெடுந்தூரம் ரயிலிலோ குதிரை வண்டியிலோ குலுங்கி வந்த நோயாளிகள் இறங்கியதும் சற்றுச் சுகமாக இருப்பதாகச் சொன்னதை அவர் கவனித்தார். 1892 இல் மின்னியந்திரத்தால் அதிரும் ஒரு நாற்காலியைச் செய்வித்து அதில் நோயாளிகளை உட்கார வைத்தார். சிலர் நன்றாக நடந்தனர், நன்றாகத் தூங்கினர். இரத்தினபுரிக்கு 1912 இல் வந்து சேர்ந்து, 1970களில் அவிசாவளைக்கு அப்பால் நின்றுபோன களனிவெளிக் குறுகிய பாதை ரயிலின் குலுக்கலை அனுபவித்த முதியோர் சார்கோவை நம்பத் தயாராகவே இருப்பர். ஆனால் 120 ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் அதே நாற்காலிச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதிர்வும் ஒலியும், மற்றப் பகுதியினருக்கு ஒலி மட்டும். 2012 இல் வெளியான முடிவு: இரு பகுதியினரும் ஒரே அளவு தேறினர். அதிர்வால் தனிப்பயன் இல்லை. நல்ல நாற்காலியில் அமர்த்தி, அன்பாகக் கவனித்து, நலமாகும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தாலே பார்க்கின்சன் நோயாளி சில நாட்களுக்குத் தேறுவார். இந்த நோயில் நம்பிக்கையே மூளையில் டோபமினைச் சுரக்க வைக்கும் என்பது படம்பிடித்தே காட்டப்பட்ட உண்மை. ஆகவே இந்நோய்க்கு எந்தப் புதிய கருவி வந்தாலும், போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்காத வெற்றியை நம்ப முடியாது. இனிச் சொல்லப்போவதற்கு இதுவே உரைகல்.

இன்றைய கருவிகள் இரண்டு. ஒன்று காந்தச் சுருள். ஃபாரடே 1831 இல் கண்ட விதிப்படி, மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். 1985 இல் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் தோழர்களும் தலைக்கு மேல் ஒரு சுருளைப் பிடித்து ஒரு துடிப்புக் கொடுத்தபோது, தொடாமலேயே எதிர்ப்பக்கக் கையின் விரல் துள்ளியது. வலி இல்லை. மற்றது இதிலும் எளியது. ஒன்றிரண்டு மில்லியம்பியர் நேர்மின்னோட்டத்தை நனைந்த பஞ்சுத் தகடுகள் வழியே தலைத்தோலில் செலுத்துவது. அல்தீனி விட்ட இடத்திலிருந்து 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும் தொடர்ந்தனர். காந்தம் நரம்பணுவை நேராகச் சுட வைக்கிறது. நேர்மின்னோட்டமோ சுட வைப்பதில்லை, அணுக்கள் சுடுவதற்கான வாசலைச் சற்று உயர்த்துகிறது அல்லது தாழ்த்துகிறது.

இவ்விரண்டும் பார்க்கின்சன் நடைக்கு உதவுமா? 1994 இல் பாஸ்குவல் லியோனே குழுவினர் காந்தத் துடிப்புகளால் நோயாளிகளின் கை வேகம் கூடியதாக எழுதினர். வேறு இடங்களில் திருப்பிச் செய்தவர்களுக்கு அது கிட்டவில்லை. 2006 இல் அமெரிக்காவில் ஒரு குழு, பல நாட்கள் தொடர்ந்து காந்தத் தூண்டல் கொடுத்தபின் நடைவேகம் ஓரளவு கூடியதைக் கண்டது. 2010 இல் நேர்மின்னோட்டத்துக்கும் அத்தகைய ஒரு சிறு பயன் சொல்லப்பட்டது, அது நீடிக்கவில்லை. 2016 இல் கொக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, நேர்மின்னோட்டம் பற்றி உறுதியாகப் பேசச் சான்று போதாது என்றது.

கால் உறைதலைப் பற்றிய கதை இன்னும் கூர்மையானது. உறைதல் காலின் கோளாறு மட்டுமல்ல, கவனத்தின் கோளாறும்கூட என்ற எண்ணம் வலுத்தபோது, அசைவுக்கான மூளைப் பகுதியையும் கவனத்துக்கான நெற்றிப் பகுதியையும் ஒருசேரத் தூண்டினால் என்ன என்று யோசித்தனர். 2018 இல் இருபது நோயாளிகளிடம் ஒரே ஒரு தடவை செய்து பார்த்ததில், முடிந்த கையோடு உறைதல் குறைந்தது. நம்பிக்கை பிறந்தது. பாஸ்டனிலும் தெல் அவீவிலும் 77 பேரைச் சேர்த்து, இரண்டு வாரங்களில் பத்துத் தடவை, பாதிப் பேருக்கு மெய்யான மின்னோட்டமும் மீதிப் பேருக்குப் போலியும் கொடுத்தனர். 2021 இல் வந்த முடிவு: போலியைவிட மெய்க்கு மேலான பயன் உறைதலில் காணப்படவில்லை. சார்கோவின் நாற்காலி வேறு உருவில் திரும்பி வந்ததென்றே எனக்குப் படுகிறது.

இதனால் இத்துறையே வீண் என்று நான் சொல்லவில்லை. காந்தத் தூண்டல் மனச்சோர்வுக்குப் பயன்படுவதாக நிறுவப்பட்டு 2008 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பார்க்கின்சன் நடைக்கும், குறிப்பாகக் காந்தத்தை உடற்பயிற்சியோடு சேர்த்துத் தரும்போது, ஓரளவு பயன் காட்டும் ஆய்வுகள் தொடர்கின்றன. ஆயினும் வழமையான சிகிச்சையாக அது ஏற்கப்படவில்லை. மண்டையைத் துளைத்து மின்வாய் வைக்கும் முறை 1987 இல் கிரனோபிளில் பெனாபிட் என்ற அறுவை நிபுணரின் கையில் தொடங்கி இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அதுகூட நடுக்கத்துக்குச் செய்யும் உதவியைக் கால் உறைதலுக்குச் செய்வதில்லை. நடை என்பது பிடிவாதமான விடயம்.

இந்த வரலாற்றை எட்டியாந்தோட்டை மலையிலோ பலாங்கொடைச் சரிவிலோ வைத்துப் பார்த்தால் கேள்வி வேறாகிறது. இரண்டு வாரங்களில் பத்துத் தடவை என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய எண். தோட்டத்தில் அது பத்து நாள் பேர். நோயாளி தனியே பஸ் ஏற முடியாது, மகளோ மருமகளோ கூடப் போக வேண்டும். அன்றைக்குக் கொழுந்து இல்லை, பேரும் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற நிலைக்கு வருவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். அப்படிப் பத்து நாள் இழந்து பெறக்கூடியது, இதுவரையுள்ள சான்றின்படி, போலிக் கருவியும் தரக்கூடிய ஒரு சில நாள் தேற்றம் என்றால், "மூளைக்குக் கரண்ட் வைத்து நடக்க வைக்கிறோம்" என்று எவரேனும் காசு கேட்டு வரும்போது அந்தக் குடும்பத்துக்கு யார் இதைச் சொல்வது? வலிப்பு வந்தவருக்கும் தலைக்குள் உலோகம் உள்ளவருக்கும் காந்தச் சுருள் ஆபத்தாகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்தின் வரலாறு இதற்கு மாறான ஒன்று. இதிலே நமது மண்ணுக்கும் பங்குண்டு. தோட்ட ஓரங்களிலும் பற்றைகளிலும் படர்ந்து, உடலில் பட்டால் அரிப்பெடுக்க வைக்கும் பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937 இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் தாமோதரனும் இராமசாமியும் பிரித்துக் காட்டினர். அதன் பயன் என்னவென்று அன்று எவருக்கும் தெரியாது. 1957 இல் சுவீடனில் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்து அசைவற்றுக் கிடக்கச் செய்து, லெவோடோபா கொடுத்து எழுப்பினார். ரெசர்ப்பினும் நம் வைத்தியர்கள் அறிந்த சர்ப்பகந்தியிலிருந்து எடுத்ததே. 1960 இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் வற்றிப் போயிருந்ததைக் கண்டார். 1967 இல் நியூயோர்க்கில் கொட்சியாஸ் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். போலி மருந்தோடு ஒப்பிட்டும் நின்று நிலைத்த மருந்து இது. பூனைக்காலி விதையை இடித்துக் குடித்தால் போதும் என்று இதைப் பொருள்கொள்ளக் கூடாது. விதைக்கு விதை அளவு மாறும், அளவு தவறினால் வாந்தியும் மனக்குழப்பமும் வரும்.

லெவோடோபா மாத்திரை அரச வைத்தியசாலை மூலம் கிடைக்கக்கூடிய மருந்து. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை நாம் அனைவரும் அனுபவித்தோம். நாள்தோறும் நேரம் தவறாமல் எடுக்க வேண்டிய இத்தகைய மருந்துக்குத் தட்டுப்பாடு என்றால் நடை நிற்கும் என்று பொருள். திடீரென நிறுத்துவது உயிருக்கே கேடாகவும் முடியலாம்.

இன்னொரு பக்கமும் எழுதப்பட வேண்டும். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் புல்லுக்கு மருந்தடித்தவர்களின் பக்கம். கைக்கூலியாகப் புல் வெட்டிய இடத்தில், 1962 இல் உலகச் சந்தைக்கு வந்த பரகுவாட் எனும் களைகொல்லி கிரமக்சோன் என்ற பெயரில் முதுகில் ஏறியது. இருபது ஆண்டு கழித்து, 1982 இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஏற்றிச் சில நாட்களில் மரக்கட்டைபோல் உறைந்தனர். அதிலிருந்த நச்சு அவர்களுடைய மூளையின் டோபமின் அணுக்களை அழித்திருந்தது. அந்நச்சு உடலுக்குள் மாறி எடுக்கும் உருவம் வேதியமைப்பில் பரகுவாட்டை ஒத்திருந்தது. 2011 இல் அமெரிக்க விவசாயத் துறையினரிடம் நடத்திய ஆய்வொன்றில், பரகுவாட்டைக் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவது காரணத்தை நிறுவாது என்று உற்பத்தியாளர் தரப்பு வாதிடுகிறது. வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போயிருக்கின்றன.

நமது நாட்டில் பரகுவாட்டை நிறுத்தும் முடிவு 2008 இல் எடுக்கப்பட்டு 2011 இல் முழுமையானது. பார்க்கின்சன் நோயை நினைத்து எடுத்த முடிவன்று அது. நஞ்சருந்தித் தற்கொலை செய்வோரைக் காப்பதற்காக எடுத்தது. 1995 இல் இலட்சத்துக்கு 47 பேர் என்ற அளவுக்கு ஏறியிருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதோடு பெரிதும் இறங்கியது. அந்தச் சாதனை உலகம் முழுவதும் பேசப்படுகிறது. ஆனால் 1970களிலும் 80களிலும் கையுறையின்றி, சாரத்தை முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு மருந்தடித்த இளைஞர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். இந்நோய் வரும் வயது அது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நடை தளர்ந்து வரும் முதிய தோட்டத் தொழிலாளியிடம் "என்ன வேலை செய்தீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "மருந்தடித்தீர்களா, எத்தனை வருடம்?" என்றும் கேட்டு எழுதிவைப்பது வைத்தியருக்கு ஒரு நிமிட வேலை. வரலாறு எழுதுகிறவனுக்கு அது பெரிய ஆவணம்.

இனி, ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். கற்படியில் ஏறுபவர் நிலைப்படியில் ஏன் உறைகிறார்? நாம் யோசிக்காமல் நடப்பதை நடத்தித் தருவது மூளையின் அடிப்பகுதியிலுள்ள அணுத்திரள்கள். டோபமின் வற்றும்போது கெடுவது இந்தத் தானியங்கி நடை. கண்ணால் கண்டு, குறி வைத்து, ஒவ்வோர் அடியாக எடுக்கும் நடைக்கு மூளையில் வேறு பாதை உண்டு. அது பெரும்பாலும் கெடாமல் இருக்கும். கற்படி ஒவ்வொன்றும் காலுக்கு ஒரு குறி. சமதளத்தில் குறி இல்லை. வாசலோ குறுக்கத்தைக் காட்டி மிரட்டுகிறது. லண்டன் நரம்பியல் அறிஞர் பர்டன் மார்ட்டின் 1967 இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். நடக்க முடியாத நோயாளியின் முன்னே தரையில் குறுக்குக் கோடுகள் இட்டதும், அவர் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி நடந்தார். கோடுகள் அடியளவு இடைவெளியில், நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்குக் கோட்டால் பயன் இல்லை.

கண்ணுக்கு உள்ள வழி காதுக்கும் உண்டு. சீரான தாளத்தைக் கேட்டு நடக்கப் பழகியவர்களின் அடி நீளமும் வேகமும் கூடுவதை 1996 இல் தௌட் குழுவினர் காட்டினர். 2007 இல் இங்கிலாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் 153 நோயாளிகளின் வீட்டுக்கே சென்று ஒலி, ஒளி, அதிர்வுக் குறிகளால் பயிற்சி கொடுத்த ஆய்வில், நடையும் உறைதலும் சிறிதளவு தேறின. பயிற்சி நின்றதும் பயன் கரைந்தது. ஆக, இதுவும் மாயமன்று. ஆனால் இதை நாள்தோறும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு சுண்ணாம்புக் கட்டியின் விலைதான்.

சுண்ணாம்புக் கோடும் தாளமும்கூட மண்டையைத் திறவாமல் மூளையைத் தூண்டுவனவே. மின்சாரத்துக்குப் பதில் கண்ணும் காதும் கம்பியாகின்றன. தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு அடித்துப் பெரட்டுக்கு ஆள் கூட்டிய காலம் ஒன்றிருந்தது. துரைமாருக்கு அது வேலைக்கு இழுக்கும் சத்தம். காமன் கூத்தில் அதே தப்பு வேறு பேச்சுப் பேசியது. அந்தத் தாளத்தில் ஆடிப் பழகிய கால்கள் இன்றும் லயங்களில் இருக்கின்றன. இறப்பர்த் தோட்டத்தில் நாளுக்கு ஏறத்தாழ 300 மரம், மரத்துக்கு மரம் அடியெண்ணி நடந்து பால் வெட்டியவரிடமும் ஒரு தாளம் இருந்தது. பேரப்பிள்ளை கைதட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் அது மீளும். இழுத்துப் போகக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. நின்றுவிட்டால் நிற்க விட்டு, உடலை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெல்ல அசைத்து, பெரிய ஓர் அடி எடுக்கச் சொல்ல வேண்டும்.

நமது பள்ளிவாசல்களிலும் இதைக் கவனிக்கலாம். முஹம்மத் அலிக்கு 1984 இல் இந்நோய் உறுதியாயிற்று. 1996 இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது நடுங்கிய அந்தக் கையை உலகமே கண்டது. 2016 இல் அவர் மறையும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நோயோடு வாழ்ந்தார். பெரிய மனிதருக்கு வந்தபோது கண்ணீர் விட்ட நாம், முன் ஸஃபில் வந்து நிற்க முடியாமல் கதவடியில் தடுமாறும் நமது ஊர் அப்பாவுக்கு வழிவிடாமல் பின்னாலிருந்து நெருக்குகிறோம். விரிப்பிலுள்ள ஸஃப் கோடுகள் கிப்லாவை நோக்கி நடப்பவருக்குக் குறுக்கேதான் ஓடுகின்றன. ஆயினும் ஒரு ஸஃபுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று அடி எடுக்க வேண்டியிருப்பதால் அவை காலுக்குக் குறியாகப் போதா. செருப்புக் கழற்றும் இடத்திலிருந்து உள்வாசல் வரை, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் நிற நாடா நாலைந்து ஒட்டினால் போதும். லயத்து வாசலின் உள்ளும் புறமும் அதே அளவில் ஒட்டலாம். நிலைப்படிக்கு முன் வருவது கடைசி நாடா, அதைத் தாண்டும் அடியிலேயே நிலைப்படியும் தாண்டிவிடும்.